மாத்திரை எடுப்பவரிடமிருந்து எச்.ஐ.வி. பரவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. உள்ள ஒருவர் கூட்டு மருந்தைத் தினமும் தவறாமல் எடுத்து, அவர் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து இன்னொருவருக்கு எச்.ஐ.வி. பரவாது. மருத்துவ உலகம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை (ஏஆர்டி) இலவசமாகத் தரும் அரசு ஏஆர்டி மையத்தில் வருடக்கணக்காக மாத்திரை வாங்கிப் போகிறவர்களிலேயே பலருக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. அவர்களுடைய வீட்டாருக்குச் சுத்தமாகத் தெரியாது. அவர்களுக்காகவும், அவர்களோடு வாழ்கிறவர்களுக்காகவும் இந்தப் பக்கம்.

"பரவும் வாய்ப்பு குறையும்" என்கிறீர்களா, "பரவாது" என்கிறீர்களா?

பரவாது என்றுதான் சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது: வைரஸ் கண்டறிய முடியாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவுத் துணைக்கு எச்.ஐ.வி. பரவும் ஆபத்து பூஜ்யம். ஒரு மில்லி ரத்தத்தில் 1000 வைரஸ் பிரதிகள் அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இல்லை என்ற அளவுக்கு மிகச் சிறியது.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். வைரஸ் அடங்கியிருப்பதை வைரல் லோடு பரிசோதனை, அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று எண்ணும் பரிசோதனை, உறுதி செய்திருக்க வேண்டும். "நன்றாகத்தான் இருக்கிறேன், உடம்பு தேறிவிட்டது" என்பது வைரல் லோடு குறைந்ததற்குச் சான்று ஆகாது.

இதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?

இதன் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு.

2008 ஜனவரியில் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் சிலர், மருந்தால் வைரஸ் அடங்கியவர்கள் உடலுறவில் மற்றவருக்குப் பரப்புவதில்லை என்று முதன்முதலாக வெளிப்படையாக எழுதினார்கள். கடும் எதிர்ப்பு வந்தது. ஆதாரம் போதாது, மக்கள் ஆணுறையைக் கைவிட்டுவிடுவார்கள் என்றெல்லாம் சொன்னார்கள்.

அப்போதே ஒரு பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்க, மற்றவருக்கு இல்லாத 1763 தம்பதிகளை ஒன்பது நாடுகளில் சேர்த்து நடத்திய ஆய்வு அது. பெயர் எச்.பி.டி.என். 052. இந்தியாவில் சென்னையிலும் புணேயிலும் தம்பதிகள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு உடனே மருந்து தொடங்கினார்கள். மறு பாதிக்கு, அந்தக் காலத்து வழக்கப்படி, எதிர்ப்புச் சக்தி குறைந்த பிறகு தொடங்கினார்கள். 2011-ல் இடைக்கால முடிவைப் பார்த்தபோது, உடனே மருந்து தொடங்கியவர்களின் துணைகளுக்குத் தொற்று 96 சதவீதம் குறைந்திருந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், காத்திருந்தவர்களுக்கும் மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

மீதி நாலு சதவீதம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2016-ல் வந்த இறுதி முடிவு அதற்குப் பதில் சொன்னது. மருந்து தொடங்கிய பிறகும் துணைக்குத் தொற்று ஏற்பட்டவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்தார்கள். ஒன்று, மருந்து தொடங்கிய புதிதில், வைரஸ் இன்னும் அடங்காதபோது பரவியிருந்தது. அல்லது மருந்து பலிக்காமல் வைரஸ் மறுபடி ஏறியிருந்தது. வைரஸ் நிலையாக அடங்கியிருந்த ஒருவரிடமிருந்தும் பரவவில்லை.

அப்புறம் ஐரோப்பாவில் 'பார்ட்னர்' ஆய்வுகள் வந்தன. ஆணுறை இல்லாமல் உறவு கொள்ளும் தம்பதிகளையே தேடிச் சேர்த்தார்கள் என்பதுதான் இவற்றின் சிறப்பு. 2016-ல் வெளியான முதல் ஆய்வில் ஆண்-பெண் தம்பதிகளும் ஆண்-ஆண் இணைகளும் இருந்தார்கள். ஆணுறை இல்லாத உறவுகள் சுமார் 58,000. 2019-ல் வெளியான இரண்டாவது ஆய்வில் ஆண்-ஆண் இணைகள் மட்டும், 782 இணைகள், சுமார் 76,000 உறவுகள். இரண்டிலும் துணையிடமிருந்து பரவியது பூஜ்யம். இரண்டாவது ஆய்வில் 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது உண்மை. ஆனால் வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவை எதுவும் அந்தத் துணையின் வைரஸ் இல்லை. வெளியே வேறொருவரிடமிருந்து வந்தவை.

திருநங்கைகளும் ஓரினச்சேர்க்கையாளர்களும் "இதெல்லாம் புருஷன் பெண்டாட்டிக்குத்தானே, எங்களுக்குப் பொருந்தாதே" என்று கேட்பதுண்டு. குதவழி உறவில் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்த செய்தி. அந்த உறவிலும்கூட, வைரஸ் அடங்கியவரிடமிருந்து பரவவில்லை என்று காட்டியதுதான் இரண்டாவது 'பார்ட்னர்' ஆய்வு. எல்லோருக்கும் பொருந்தும்.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது?

எச்.ஐ.வி. தானாகப் பெருகாது. நம் ரத்தத்தில் உள்ள சி.டி.4 என்ற எதிர்ப்புச் சக்தி செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லைக் கொண்டே தன்னைப் போலப் புதிய வைரஸ்களைச் செய்துகொள்ளும். இன்று இந்தியாவில் ஏஆர்டி மையங்களில் பெரும்பாலோருக்குக் கொடுக்கும் ஒரே மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்துகள் இருக்கின்றன. முதல் இரண்டும் வைரஸ் தன் மரபணுவை நம் செல்லுக்கு ஏற்றபடி மாற்றி எழுதுவதைத் தடுக்கின்றன. மூன்றாவது, அந்த மரபணு நம் செல்லின் மரபணுவோடு ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று மருந்தையும் ஏமாற்றும் அளவுக்கு வைரஸால் எளிதில் மாற முடியாது. அதனால்தான் கூட்டு மருந்து.

புதிய வைரஸ் உருவாகாவிட்டால் ரத்தத்தில் எண்ணிக்கை சரிகிறது. விந்திலும் பெண்ணுறுப்புத் திரவத்திலும் சேர்ந்து குறைகிறது. பரவுவதற்குத் தேவையான அளவு வைரஸ் அங்கே இல்லாததால் பரவுவதில்லை.

ரிப்போர்ட்டில் "டார்கெட் நாட் டிடெக்டட்" என்று போட்டிருக்கிறது. எச்.ஐ.வி. போய்விட்டதா?

போகவில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டில் வரக்கூடியதிலேயே நல்ல வரி அதுதான். மெஷினால் எண்ண முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்திருக்கிறது என்று பொருள். மருந்து எடுக்காத ஒருவருக்கு ஒரு மில்லி ரத்தத்தில் ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்கு வரை இருக்கும். இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று புரியும்.

சிலருக்கு 'டிடெக்டட்' என்று வந்து, பக்கத்தில் 40, 60, 150 என்று சின்ன எண் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துபோய் வருகிறார்கள். 'பார்ட்னர்' ஆய்வுகளில் 200-க்குக் கீழே இருந்தவர்களைத்தான் வைரஸ் அடங்கியவர்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அந்தச் சின்ன எண்களுக்காகத் தூக்கம் கெட வேண்டாம். 1000-ஐத் தாண்டினால் மட்டும் தாமதிக்காமல் ஆலோசகரிடம் பேசுங்கள்.

இன்னொன்று. எச்.ஐ.வி. உண்டா இல்லையா என்று பார்க்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை உங்களுக்கு எப்போதும் 'பாசிட்டிவ்' என்றே வரும். அது வைரஸை எண்ணுவதில்லை, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனை. வைரல் லோடு வேறு. சி.டி.4 எண்ணிக்கையும் வேறு. சி.டி.4 ஏறியிருப்பது உடம்புக்கு நல்லது, ஆனால் பரவுமா பரவாதா என்பதற்குப் பதில் வைரல் லோடில்தான் இருக்கிறது.

அரசு மையங்களில் வைரல் லோடு இலவசம். மருந்து தொடங்கி 6-வது மாதம், 12-வது மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. உங்களுக்கு எடுக்காமல் விட்டிருந்தால் நீங்களே கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மாத்திரை தொடங்கி எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸ் அடங்கிவிடும். டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரையில் இன்னும் சீக்கிரமாகவே இறங்குகிறது. ஆனாலும் பரிசோதனை முடிவு கையில் வரும்வரை ஆணுறை கட்டாயம். மேலே சொன்ன எச்.பி.டி.என். 052 ஆய்வில் பரவியவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தத் தொடக்க மாதங்களில்தான் பரவியது.

ஒரு நாள் மாத்திரை மறந்துவிட்டது. எல்லாம் வீணா?

இல்லை. நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். எப்போதாவது ஒன்று தவறுவதால் வைரஸ் குதித்து ஏறாது. அடிக்கடி தவறுவதுதான் சிக்கல். முழுவதுமாக நிறுத்திவிட்டால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் வைரஸ் திரும்பிவிடும், அதோடு பரவும் ஆபத்தும் திரும்பும்.

மாத்திரையைச் சரியாகப் போட்டும் வேலை செய்யாமல் போவதற்கு, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு காரணம் உண்டு. வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கும் அமிலநீக்கி மருந்துகள், இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை ஆகியவை டோலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைத் தடுக்கின்றன. அமிலநீக்கி சாப்பிட வேண்டுமானால், அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எச்.ஐ.வி. மாத்திரையை வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இரும்பும் கால்சியமும் கட்டாயம் கொடுப்பார்கள் என்பதால், அவர்கள் இதை நர்ஸிடமோ மருந்தாளுநரிடமோ நேரம் குறித்துக் கேட்டுக்கொள்வது நல்லது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெக்ராவிர் ஒருவேளைக்குப் பதில் இரண்டு வேளை தேவைப்படும். டி.பி. மருந்து வேறு இடத்தில் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு டாக்டருக்கும் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

மூலிகை வைத்தியத்தில் முழுசாகக் குணமாகும் என்கிறார்களே?

குணமாகாது. இந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தி, படுத்த படுக்கையாகத் திரும்பியவர்கள் உண்டு. 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்று வந்த ரிப்போர்ட்டைக் காட்டி, "பாருங்கள், என் லேகியத்தால் போய்விட்டது" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஏஆர்டி மாத்திரை செய்த வேலை.

உலகில் எச்.ஐ.வி.யிலிருந்து முழுக்க விடுபட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே. பெர்லினில் சிகிச்சை பெற்ற திமோத்தி ரே பிரவுன் முதலாமவர். அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததால் எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள், அதில் எச்.ஐ.வி.யும் போனது. உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையை ஒரு மாத்திரையில் நன்றாக வாழ்கிறவருக்கு யாரும் செய்ய மாட்டார்கள். மருந்து எடுத்தால் மற்றவர்களைப் போலவே முதுமை வரை வாழ முடியும்.

வைரஸ் அடங்கிவிட்டால் ஆணுறை வேண்டாமா?

எச்.ஐ.வி.யைத் தடுக்க என்றால், வேண்டியதில்லை. ஆனால் மேகவெட்டை, கிரந்தி போன்ற மற்ற பால்வினை நோய்களை ஏஆர்டி மாத்திரை தடுக்காது. வேண்டாத கர்ப்பத்தையும் தடுக்காது. துணைக்கு மனத்தில் அச்சம் போகவில்லை என்றால் அவர் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுங்கள். இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. ரிப்போர்ட்டைக் காட்டித் துணையை வற்புறுத்துவது தவறு.

எங்களுக்குக் குழந்தை வேண்டும். முடியுமா?

முடியும். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து வைரஸ் அடங்கியிருந்தால், இயல்பான உறவிலேயே கருத்தரிக்கலாம். மற்றவருக்குப் பரவாது.

தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால், சிகிச்சையே இல்லாத நிலையில் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே அல்லது கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மருந்து எடுத்து வைரஸ் அடங்கியிருந்தால் இது ஒரு சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் சொட்டு மருந்து கொடுப்பார்கள். ஆறாவது வாரத்தில் முதல் பரிசோதனை, 18-வது மாதத்தில் கடைசிப் பரிசோதனை.

தாய்ப்பால் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். உடலுறவில் பூஜ்யம் என்று சொல்வதுபோல் தாய்ப்பாலுக்குச் சொல்ல முடியாது. வைரஸ் அடங்கிய தாயிடமிருந்து பால் வழியாகப் பரவுவது மிக மிக அரிது, ஆனால் பூஜ்யம் இல்லை. இந்தியாவில், தாய் மருந்து எடுத்துக்கொண்டே முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஆறு மாதத்தில் தாய்ப்பாலையும் புட்டிப்பாலையும் கலந்து கொடுப்பதுதான் கூடாது. பிரசவத்துக்கு முன்பே ஆலோசகரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரத்ததானம் செய்யலாமா? ஊசி பகிர்ந்தால்?

ரத்தம் கொடுக்கக் கூடாது, வைரல் லோடு என்னவாக இருந்தாலும். ரத்தம் ஏற்றும்போது உள்ளே போகும் அளவே வேறு. ஊசி பகிர்வதற்கும் இந்தப் 'பரவாது' என்ற உறுதி பொருந்தாது. அது உடலுறவை வைத்து நிறுவப்பட்டது.

என் மைத்துனருக்கு எச்.ஐ.வி. மாமியார் அவருக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைக்கிறார். வீட்டில் குழந்தைகள் இருப்பதால் நானும் எதுவும் சொல்லவில்லை. சரிதானா?

தட்டு, டம்ளர், துண்டு, கழிப்பறை, கொசுக்கடி, கட்டிப்பிடிப்பது, முத்தம் எதிலும் எச்.ஐ.வி. பரவாது. மருந்து எடுக்காதவரிடமிருந்துகூட இவற்றால் பரவாது. உங்கள் குழந்தைகள் அவர் மடியில் உட்கார்ந்து அவர் தட்டிலிருந்தே சாப்பிடலாம்.

மாமியாரிடம் ஒருநாள் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் நீங்கள் மைத்துனரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீடுகளில் இந்தத் தனித்தட்டு போவது பெரும்பாலும் அப்படித்தான். யாராவது ஒருவர் முதலில் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களால் நினைத்துப் பார்க்க முடியாது.

உண்மை இப்படி இருக்க, ஜனங்களிடம் ஏன் இன்னும் இவ்வளவு பயம்?

பயம் தொடங்கியதும் நம் ஊரிலிருந்துதான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதலில் தெரிந்தது. மகத்தான பணி அது. ஆனால் முதலில் கண்டறியப்பட்டவர்கள் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் என்பதால், இந்த நோய் 'ஒழுக்கம் கெட்டவர்களுக்கு' வருவது என்ற முத்திரை முதல் நாளே விழுந்துவிட்டது. சுனிதி சாலமன் பிறகு 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கி, யாரும் தொடத் தயங்கிய நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் மருந்து இருந்தும் இல்லாத மாதிரிதான். மேல்நாட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2001-ல் சிப்லா நிறுவனம் நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்த பிறகுதான் ஏழை நாடுகளுக்கு வழி பிறந்தது. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 அன்று இலவச ஏஆர்டி தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே போனவர்கள் பலர் திரும்பவில்லை. 'உயிர்க்கொல்லி நோய்' என்று பத்திரிகைகள் எழுதியதில் அப்போது உண்மையும் இருந்தது. மண்டையோடும் எலும்புமாகச் சுவரில் வரைந்த விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, அதே பயம் இன்றும் மனத்தில் அப்படியே நிற்கிறது. மருந்து மாறியது, செய்தி மாறவில்லை. பயமுறுத்தச் செலவிட்ட பணத்தில் ஒரு பங்கையாவது, "இப்போது பயப்பட வேண்டாம்" என்று சொல்லவும் செலவிட்டிருக்கலாம் என்பது எங்கள் ஆதங்கம்.

இதில் அதிகம் அடிபட்டவர்கள் பெண்கள். கணவரைத் தவிர யாரையும் அறியாத பெண்களுக்குத் திருமணத்தில் தொற்று வந்தது. கணவர் இறந்ததும், "மகனைத் தின்றவள்" என்று வீட்டை விட்டு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட பெண்கள் சேர்ந்து 1998-ல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான கௌசல்யா பெரியசாமி, தன் நிலையை ஒளிக்காமல் பொதுவில் பேசிய முதல் பெண்களில் ஒருவர்.

வைரல் லோடு குறைந்தால் ஒதுக்கிவைப்பது எப்படிக் குறையும்? மருந்து உடம்புக்குத்தானே?

நியாயமான கேள்வி. முதல் மாற்றம் நோயாளிக்குள்ளேயே நடக்கிறது. "நான் யாருக்காவது கொடுத்துவிடுவேனோ" என்ற எண்ணம் ஒருவரை எந்த அளவுக்கு அரிக்கும் என்பது பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும். மனைவியைத் தொட மாட்டார்கள். பேரக் குழந்தையைத் தூக்க மாட்டார்கள். பிறர் ஒதுக்குவதற்கு முன் தாங்களே ஒதுங்கிவிடுவார்கள். "உங்களிடமிருந்து பரவாது" என்ற செய்தி அந்தச் சுமையை இறக்குகிறது.

அடுத்தது மாத்திரையைப் பற்றியது. மாத்திரையைத் தவறவிடுவதற்கு மறதியைவிடப் பெரிய காரணம் வெட்கம்தான். டப்பாவைக் குலுக்கினால் சத்தம் கேட்கும் என்று பஞ்சை அடைத்து வைப்பவர்கள் உண்டு. லேபிளைக் கிழித்துவிட்டு "சத்து மாத்திரை" என்பவர்கள் உண்டு. விருந்தினர் வந்தால் அன்றைக்கு மாத்திரை இல்லை. சொந்த ஊர் மையத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார் என்று மூன்று மாவட்டம் தாண்டிப் போய் வாங்குகிறார்கள், பஸ் காசு இல்லாத மாதம் போகாமல் விடுகிறார்கள். ஆக, ஊர் ஒதுக்குவதால் மாத்திரை நிற்கிறது, மாத்திரை நிற்பதால் வைரஸ் ஏறுகிறது, பரவுகிறது. பரவலைப் பற்றிக் கவலைப்படுகிற எவரும் முதலில் கைவிட வேண்டியது ஒதுக்கிவைப்பதைத்தான்.

2016-ல் அமெரிக்காவில் புரூஸ் ரிச்மன் என்பவர் தொடங்கிய 'யூ = யூ' இயக்கத்தின் (வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால் பரவாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) அடிப்படை இதுதான். எச்.ஐ.வி.யோடு வாழ்கிற அவருக்கே, தன்னிடமிருந்து பரவாது என்ற செய்தி தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. டாக்டர்களுக்குத் தெரிந்தது நோயாளிகளுக்கு ஏன் சொல்லப்படவில்லை என்ற கோபத்தில் பிறந்த இயக்கம் அது. அந்தக் கோபம் நமக்கும் தேவை.

எனக்கு இன்னும் வைரஸ் அடங்கவில்லை. அப்படியென்றால் நான் ஆபத்தானவனா?

இல்லை. இந்தச் செய்தியைச் சொல்லும்போது வைரஸ் அடங்கியவர்கள் ஒரு உயர்ந்த ஜாதி, மற்றவர்கள் தாழ்ந்த ஜாதி என்று ஆக்கிவிடக் கூடாது என்பதில் எங்களுக்குக் கவலை உண்டு. மருந்துக்கு எதிர்ப்பு ஏற்பட்டிருக்கலாம், வேறு மருந்தோடு மோதியிருக்கலாம், வீட்டுச் சூழல் மோசமாக இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்க ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முதல் வரிசை மருந்து பலிக்காவிட்டால் இரண்டாம், மூன்றாம் வரிசை மருந்துகளும் அரசிடம் இலவசமாகவே கிடைக்கின்றன. அதுவரை ஆணுறை போதும். துணை விரும்பினால், தொற்று இல்லாதவர் எடுக்கும் தடுப்பு மாத்திரையும் உண்டு.

கல்யாணத்துக்கு முன் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா? எச்.ஐ.வி. உள்ளவர்கள் கல்யாணம் செய்யலாமா?

செய்யலாம். 1998-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்டது என்ற தொனியில் பேசியது. 2002-ல் அதே நீதிமன்றம் அந்தக் கருத்து அந்த வழக்குக்குத் தேவையில்லாதது என்று விலக்கிவிட்டது.

சொல்ல வேண்டுமா என்றால், சொல்லுங்கள் என்பதுதான் எங்கள் பதில். பரவாது என்பதால் மறைக்கலாம் என்று ஆகாது. தினம் மாத்திரை போடும் ஒருவரோடு வாழப்போகிறவர் தெரிந்தே வர வேண்டும். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஏஆர்டி மையத்துக்கு அழைத்துப்போய் ஆலோசகர் முன்னிலையில் சொல்லலாம். அங்கே துணை கேட்கும் கேள்விகளுக்கு உடனே பதில் கிடைப்பதால் பாதிப் பயம் அங்கேயே தீர்கிறது. ஏற்கனவே திருமணமானவர், சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நிலையில் இருக்கும் பெண் என்றால், அவர் பாதுகாப்புதான் முக்கியம். சட்டமும் அப்படிப்பட்ட பெண்ணின் நிலையை டாக்டர் கணவரிடம் சொல்வதைத் தடுக்கிறது.

ஆபரேஷனுக்கு முன் தெரிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வேலையிலும் தெரிந்தால் என்ன ஆகும்?

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை மறுப்பது, வேலையை விட்டு நீக்குவது, பள்ளியில் சேர்க்க மறுப்பது, வாடகைக்கு வீடு தர மறுப்பது எல்லாம் இதன்படி தவறு. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. வேலை கொடுக்க எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனை ஆக்கக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மீது வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். புகார்களை விசாரிக்க மாநில அளவில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும், பெரிய நிறுவனங்களில் புகார் அலுவலர் இருக்க வேண்டும்.

நடைமுறையில், மறுக்கிறவர்கள் "மறுக்கிறோம்" என்று எழுதித் தர மாட்டார்கள். "வசதி இல்லை" என்பார்கள். காரணத்தை எழுதிக் கேளுங்கள், உங்கள் ஏஆர்டி மையத்துக்குச் சொல்லுங்கள். அங்கிருந்து ஒரு போன் போனாலே பல இடங்களில் வேலை நடக்கிறது. கையுறை, கிருமிநீக்கம் போன்றவை எல்லா நோயாளிக்கும் ஒன்றுபோலச் செய்ய வேண்டியவை. கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதி வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போக முடியுமா?

அங்கே பல நாடுகளில் வேலை விசாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். பாசிட்டிவ் என்றால் விசா இல்லை, வைரல் லோடு எவ்வளவு குறைவாக இருந்தாலும். அறிவியலுக்குப் பொருந்தாத விதி. ஆனால் விதி அதுதான் என்பதால், ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன் யோசியுங்கள்.

நேற்று ஆபத்தான தொடர்பு ஏற்பட்டுவிட்டது. அல்லது பரிசோதிக்கவே பயமாக இருக்கிறது. எங்கே போவது?

தொடர்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பு மருந்து கேளுங்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. 28 நாள் எடுக்க வேண்டும்.

பரிசோதனைக்கு, தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பணம் இல்லை, ரகசியம் காக்கப்படும், பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். பாசிட்டிவ் என்று வந்தால் சி.டி.4 எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் ஏஆர்டி மையத்தில் மருந்து தொடங்கிவிடுவார்கள். 2017 முதல் இந்தியாவில் இதுதான் முறை. பேசிவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை. பெயர் சொல்ல வேண்டியதில்லை.